வெட்டாத வெள்ளிக்கிழமை

வீடியோவை வெட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. அந்த அக்காவுக்கு வெட்டுவது என்றாலே ஆகாது. அப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் ஒன்றரை வருஷம் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். யாருடைய பொறுமை பெரிது என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லா விசேஷத்தையும் நான்கு மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிஷத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்து சேர்வதற்குள் தலைமுடி நரைத்த மாதிரி ஆகிவிடும். அப்படி வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் அவர் படியேறி வந்தார். கறுப்புப் புர்கா, கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் போன்.

"லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து வரேன். ஒரு வீடியோ இருக்கு. சத்தத்த மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். ஸ்கூட்டி ஹேண்டிலில் போனை மாட்டிக்கொண்டு ஊருக்குள் ஒரு சுற்று. கடைத்தெரு, பள்ளிவாசல், ஸ்கூல், சந்து சந்தாக வீடுகள், கடைசியில் வெள்ளாற்றங்கரை. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. குறுக்கே ஆடு வந்தால் அது போகும்வரை வண்டி நிற்கும். லாரி பின்னால் எடுத்தால் அது எடுத்து முடிக்கும்வரை நிற்கும். முப்பத்தெட்டு நிமிஷம். நான் கொட்டாவி விட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாருக்கா பாப்பாங்க?"

"சவுதில பாப்பாங்க. குவைத்துல பாப்பாங்க."

நான் அப்போதுதான் சேனல் வளர்ப்பது எப்படி என்று ஆன்லைனில் ஒரு கோர்ஸ் முடித்திருந்தேன். கோர்ஸ் முடித்தவர்களுக்கே உள்ள திமிர் எனக்கும் இருந்தது. முதல் ஐந்து நொடியில் ஆளைப் பிடிக்க வேண்டும், இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு வேண்டும், முகப்புப் படத்தில் வாயைப் பிளந்த ஒரு முகமும் சிவப்பு அம்புக்குறியும் வேண்டும் என்று வரிசையாக எடுத்துவிட்டேன்.

"எதுக்குப் புள்ள ஆளப் புடிக்கணும்? அவங்க எங்க ஓடப் போறாங்க? ரூமுல கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் பாக்குறாங்க" என்றார்.

அவரிடமும் உத்திகள் இருந்தன. அவை எந்தக் கோர்ஸிலும் இல்லாதவை. எடுப்பது எப்போதும் வியாழக்கிழமை சாயங்காலம், வெயில் இறங்கி வயதானவர்கள் வாசலுக்கு நாற்காலி கொண்டுவந்து போடும் நேரம். போடுவது எப்போதும் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. "அங்க இப்ப ஒம்போதரை. லீவு நாளு. எந்திரிச்சு டீ போட்டுட்டு போன எடுப்பாங்க" என்பார். வண்டி ஆட்டத்தில் படம் நடுங்காமல் இருக்க, பழைய ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்து போன் தாங்கிக்கு அடியில் வைத்திருந்தார். காற்று இரைச்சலுக்கு மைக்கின் மேல் பிள்ளைகளின் சாக்ஸ். தலைப்பில் தேதியும் தெருப் பெயர்களும் மட்டும் இருக்கும்.

விளம்பரத்துக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். வீடியோ நடுவில் விளம்பரம் வரும் இடங்களை நாங்கள்தான் குறிக்க வேண்டும். வயல், வெட்டவெளி, பூட்டிய குடோன், ஆற்றங்கரை ஆகிய இடங்களில் மட்டும் குறிக்கச் சொல்வார். "யாரு வூட்டு வாசல்லயும் விளம்பரம் நிக்கக் கூடாது. அந்த மனுசன் ஒரு வாரமா அதுக்குக் காத்திருப்பாரு" என்பார். ஒரு டிராவல்ஸ்காரர் வீடியோவின் ஆரம்பத்திலேயே தன் போர்டைக் காட்டச் சொல்லிக் கேட்டார். ஆற்றங்கரையில் காட்டுகிறேன் என்றார் அக்கா. அங்கே யார் பார்ப்பார்கள் என்று அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு முறை ஊர்க்காரர் ஒருவர் ஸ்டுடியோவுக்கே போன் செய்தார். சாக்கடை ஓரத்துக் குப்பையை வெட்டிவிட வேண்டுமாம், ஊர்ப் பெயர் கெட்டுப்போகிறதாம். அக்கா போனை வாங்கி, "குப்பையும் நம்ம குப்பைதான் பாய். இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எனக்கு அவருடைய பிடிவாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப்போனது என்று சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் ஒரு கோடு. எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சேனலில் ஒரு கோடு வரும். எல்லா சேனலிலும் அது ஆரம்பத்தில் உயரமாக இருந்து மெல்ல மெல்லச் சரியும். அக்காவின் கோட்டில் மட்டும் நெடுக மேடுகள் இருந்தன. அதாவது அந்த இடத்தை யாரோ திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு மேட்டின் மேலும் விரலை வைத்து, "இது ஒரு வூடு. இது இன்னொரு வூடு. இது யாரோட வூடோ தெரியல, புதுசா ஒரு ஆளு சேந்திருக்காரு" என்பார்.

ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டு அரியலூர் ரயில்வே ஸ்டேஷனை எடுத்தார். சென்னை போகும் ரயில் அன்று தாமதம். வரும்வரை இருபது நிமிஷத்துக்கு மேல் வெறும் தண்டவாளமும் சிமெண்ட் பெஞ்சும்தான். இதையாவது வெட்டுவோம் என்று கெஞ்சினேன். முடியாது என்றார். அந்த வீடியோவுக்கு வந்த கருத்துகளில் பாதி அந்த பெஞ்சைப் பற்றியவை. நான் போகும்போது இதில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு என் கோர்ஸைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஒரு விஷயம் வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டுவது பெண் என்பது. குரல் கிடையாது, முகம் கிடையாது. அதனால் எல்லோரும் "அண்ணே" என்றே எழுதுவார்கள். "அண்ணே, கொடிக்கால் பக்கம் போங்க", "அண்ணே, மெதுவா போங்க, எங்க வூடு வந்துருச்சு." அக்கா ஒவ்வொன்றுக்கும் தானே உட்கார்ந்து "சரி தம்பி" என்று பதில் போடுவார். அதைப் பார்த்து நான் சிரித்தால், "சிரிக்காத புள்ள, தம்பிங்க கேக்குறாங்க" என்பார்.

வெட்டுவதன் மேல் ஏன் அவ்வளவு வெறுப்பு என்று ஒரு நாள் கேட்டேன். டீ குடித்துக்கொண்டே சொன்னார். அவர் கணவரும் சவுதியில் இருந்தவர். தினமும் வீடியோ காலில் பேசுவார். சிரிப்பார், பிள்ளைகளைக் கேட்பார். இடுப்புக்கு மேல்தான் தெரிவார். எட்டு மாதம் கழித்துத் திருச்சி ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது, ஒரு கால் முழங்காலோடு இல்லை என்று. வேலையிடத்தில் ஏதோ கம்பி விழுந்திருக்கிறது.

"ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீ பயந்துடுவன்னு சொன்னாரு. எட்டு மாசமும் நான் பாத்தது பாதி ஆளுதான். அதோட ஒன்ற வருசம் இருந்துட்டு மவுத்தாயிட்டாரு" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சத்தத்த சரிபண்ணிட்டியா?" என்று கேட்டார்.

எங்கள் கோட்டில் எப்போதும் மிக உயரமாக நிற்கும் மேடு ஒன்று உண்டு. பள்ளிவாசலைத் தாண்டி இடதுபுறம் திரும்பும் தெருவில், பச்சைக் கதவு வீடு. வாசலில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருப்பார். குவைத்தில் இருக்கும் அவருடைய இளைய மகன் எங்கள் சேனலின் ஆதிகாலத்து ஆள். அவரால் அம்மாவிடம் போனில் பேச முடியாது, அந்த அம்மாவுக்குக் காது கேட்காது. வீடியோ காலில் காட்டலாம் என்றால் கண்ணிலும் புரை. போனைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொள்வாராம். ஆகவே மகனுக்கு வாரம் ஒருமுறை அக்காவின் ஸ்கூட்டிதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பன்னிரண்டே முக்காலுக்கு அவருடைய கருத்து வந்துவிடும். "அம்மா உக்காந்திருக்காங்க. அல்ஹம்துலில்லாஹ். நன்றி அண்ணே."

அந்த வாசலில் அக்கா வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக விடுவார் என்பதை நான் கவனித்திருக்கிறேன். கேட்டால், பள்ளம் இருக்கிறது என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து போனை நீட்டினார். ஓட்டினேன். கடைத்தெரு வந்தது, பள்ளிவாசல் வந்தது, இடதுபுறம் திரும்பியது. தெரு நிறைய தொப்பி போட்ட ஆண்கள். எதிரே சந்தூக்கை, அதாவது இறந்தவர் உடலை வைத்த பெட்டியை, தோளில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அக்கா வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறார். போன் வண்டியிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சந்தூக்கு நெருங்கி வந்து, படத்தை நிறைத்து, கடந்து போனது. நாற்பது நொடி. பிறகு வெறும் தெரு. பச்சைக் கதவு திறந்து கிடந்தது.

"அந்தம்மாவாக்கா?"

தலையசைத்தார்.

"இத எப்படிக்கா போடுறது?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாவின் மூத்த மகன். கண் வீங்கியிருந்தது. நின்றுகொண்டே பேசினார்.

"தம்பிக்கு இன்னும் சொல்லலக்கா. எங்களப் பெத்த அத்தா மவுத்தானப்ப சேதி கேட்டு வேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். அடக்கம் முடிஞ்சு ரெண்டு நாளு கழிச்சுத்தான் வந்து சேந்தான். மூஞ்சியும் பாக்கல, வேலையும் போச்சு. இப்பவும் அதையேதான் செய்வான். இன்னும் நாலு வாரத்துல காண்ட்ராக்ட் முடியுது, டிக்கெட்டும் போட்டாச்சு. அவன் வந்த பொறவு நாங்களே சொல்லிக்கிறோம்."

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இது புதிதல்ல. வந்த பிறகுதான் சொல்வார்கள். அதுவரை போனில் கேட்டால், தூங்குகிறார்கள், தொழுகிறார்கள் என்று சமாளிப்பார்கள்.

"அந்தத் தெருவ விட்டுட்டுப் போடுறேன்" என்றார் அக்கா.

"தெரு வரலன்னா அவனுக்குச் சந்தேகம் வந்துரும்கா. அம்மா உக்காந்திருக்கிற மாதிரி பழசு ஏதாச்சும் இருந்தா…"

அக்கா வெகுநேரம் ஹெல்மெட்டின் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். முடியாது என்று சொல்வார் என்றே நினைத்தேன். குப்பையையே வெட்ட விடாதவர்.

"பயந்துடுவாரு" என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம், "ஆறு வாரத்துக்கு முந்தினது இருக்குமா புள்ள?"

இருந்தது. எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். இருபது நிமிஷம். வெளிச்சத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கினேன். எதிர்வீட்டுச் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள், அதைப் பழையதிலும் வெள்ளையாக்கினேன். வெள்ளைத் துப்பட்டியாக இருந்தது வசதியாகப் போயிற்று, புடவை நிறத்துக்கு மெனக்கெட வேண்டியதில்லை. இடதுபுறம் திரும்பியதும் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தையல் தெரியவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. மண் போட்டு ஒரு நாள்கூட ஆகாத ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கருத்து வந்தது. "அம்மா உக்காந்திருக்காங்க. அல்ஹம்துலில்லாஹ்."

அக்கா அதைப் படித்தார். "சரி தம்பி" என்று போட்டார்.

"எங்க வூட்டுக்காரரு ஏன் இடுப்புக்குக் கீழ காமிக்கலன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் என்னிடம். நான் எடிட் டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வாரம் இப்படி. வியாழக்கிழமை தவறாமல் அக்கா அந்தத் தெருவுக்குள் போய்வந்தார், எடுத்துவந்தார். நாற்காலி இல்லாத வாசலை நான் எடுத்துவிட்டு நாற்காலி உள்ள வாசலை வைத்தேன். எடுத்ததை அழிக்கக் கூடாது என்பது மட்டும் அக்காவின் கட்டளை. "எதையும் தூக்கிப் போட்டுறாத புள்ள." மூன்றாவது வாரம் அந்த அம்மா லேசாகக் கையை உயர்த்தும் ஒரு காட்சி கிடைத்தது. அதற்கு மகன் எழுதினார்: "அம்மா கொஞ்சம் தேறிட்டாங்க போல." அக்கா அதற்குப் பதில் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் பார்த்தேன், "ஆமா தம்பி" என்று இருந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் இருக்கும். அக்கா இப்போது திருச்சியில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. நான் போன் செய்ததில்லை, அவரும் செய்ததில்லை. சேனல் அப்படியே கிடக்கிறது. இன்றைக்கும் யாராவது வந்து, அண்ணே எங்கே காணோம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அந்த மகன் ஸ்டுடியோவுக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் பாடாலூரைத் தாண்டியதும் அண்ணன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அதற்கு மூன்றாம் நாள் அவர் ஸ்டுடியோ படியேறி வந்தார். ஸ்டுடியோ இருக்கும் இடத்தை அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் வெந்த முகம். அக்காவும் அன்று இருந்தார். நான் எழுந்து, இவர்தான் என்று அக்காவைக் காட்டினேன். 'அண்ணே' ஒரு பெண் என்று ஆச்சரியப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

சத்தம் போடுவார் என்று நான் பயந்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எது எதுக்கா நெசம் இல்லாதது?"

அக்கா நான்கு தேதிகளையும் ஒன்றொன்றாகச் சொன்னார். "அதுக்கு முன்னாடி போட்டது எல்லாம் நெசம்தான் தம்பி. ஒண்ணுகூட வெட்டல" என்றார். வந்தவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"அன்னிக்கு? அன்னிக்கும் நீங்க எங்க தெரு வழியா போனீங்களா?"

"போனேன்."

"எடுத்தீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஃபைலைத் தேடி எடுத்து ஓட்டினேன். பள்ளிவாசல் வந்தது. இடதுபுறம் திரும்பியது. அவர் திரையை நோக்கிக் குனிந்தார். சந்தூக்கு வந்தது.

"நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். "முன்னாடி வலது பக்கம் அண்ணன். எடது பக்கம் யாரு?"

"டீக்கடை வச்சிருக்காருல்ல, முக்குல. அவரு" என்றார் அக்கா.

"அங்க நான் நின்னிருக்கணும்."

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார், "மன்னிச்சுக்கங்க தம்பி. தாங்க மாட்டீங்கன்னு நெனச்சோம்."

"தாங்கியிருக்க மாட்டேன்தான்" என்றார் அவர். "ஆனா அத்தாவுக்கும் நான் இல்ல. அம்மாவுக்காச்சும் இத அன்னிக்கே போட்டிருந்தீங்கன்னா, ரூமுலேர்ந்தே கூட நடந்திருப்பேன்ல. அன்னிக்கு அந்த நேரத்துல நான் பிரியாணி தின்னுக்கிட்டு இருந்தேன்க்கா."

கீழே பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். தெருவில் திரும்பும் இடத்திலிருந்து வைக்கப் போனேன். இல்லை, கடைத்தெருவிலிருந்தே வரட்டும் என்றார். கடைத்தெரு வந்தது, ஆடு குறுக்கே போகும்வரை வண்டி நின்றது, பள்ளிவாசல் வந்தது. இடதுபுறம் திரும்பியதும் அவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அக்காவும் எழுந்தார். நானும் எழுந்தேன். சந்தூக்கு எங்களைக் கடந்து போகும்வரை மூன்று பேரும் நின்றோம்.